இணையத் தகவலின் நம்பகத்தன்மை: சேதுத் திட்டுப் படம் ஒரு பாடமாக

இணையத்தில் காணும் ஒரு தகவலை முதலில் யார் சொன்னார், எதைக் கொண்டு சொன்னார் என்று தேடி அறிவதே அதன் நம்பகத்தன்மையை ஆராய்தல் ஆகும். இதை மாணவருக்குக் கற்பிக்க, இராமநாதபுரம் கடற்கரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உள்ளது.

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே, ஆழம் குறைந்த கடலில் மணல் திட்டுகள் வரிசையாக அமைந்துள்ளன. இராமர் பாலம், ஆதாம் பாலம் எனப் பல பெயர்கள் இதற்கு உண்டு. 2002ஆம் ஆண்டில் இதன் விண்வெளிப் படம் ஒன்று இணையத்திலும் செய்தித்தாள்களிலும் பரவியது. இது மனிதர் கட்டிய பாலம் என்றும், இதன் வயது 17.5 லட்சம் ஆண்டுகள் என்றும் நாசா கண்டறிந்ததாக அதனுடன் செய்தி வந்தது.

படம் நாசாவுடையதுதான், விளக்கம் நாசாவுடையது அன்று. விண்ணிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டு ஒரு தீவுத் தொடரின் வயதையோ, அதை உருவாக்கியதில் மனிதருக்குப் பங்கு உண்டா என்பதையோ கூற முடியாது என்று நாசா தரப்பு தெளிவுபடுத்தியது. ஆனால் செய்தி சென்ற இடமெல்லாம் மறுப்பு செல்லவில்லை. 2005 ஜூலையில் சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் தொடங்கப்பட்டபின் எழுந்த விவாதங்களில் அதே படம் மீண்டும் சான்றாகக் காட்டப்பட்டது.

முழுப் பொய்யைவிடப் பாதி உண்மையைக் கண்டுபிடிப்பது கடினம். படம் உண்மையானதா என்று மட்டும் தேடிய மாணவர் ‘ஆம்’ என்ற விடையோடு நின்றுவிடுவார். வயதைப் படம் காட்டுமா என்பது அடுத்த கேள்வி. பாறை, பவளம், மணல் ஆகியவற்றின் மாதிரியை எடுத்துச் சோதித்தால்தான் வயது தெரியும். கரிமக் காலக்கணிப்பு முறையோ ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் பயன்படாது. மேலும், இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய புதைபடிவங்களே சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழமையானவை. அறிவியல் பாடப்புத்தகத்தின் துணையோடு மாணவரே இவ்வளவு தூரம் வந்துவிடலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் வரலாற்று அறிஞர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பாளர்கள் ஆகிய மூன்று பிரிவினர் இணையப் பக்கங்களை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்று ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். முதல் இரு பிரிவினரில் பலர் அதே பக்கத்திலேயே தங்கி, சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தனர். முனைவர் பட்டமும் இதற்கு உதவவில்லை! சரிபார்ப்பாளர்களோ விரைவில் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதைப் பற்றிப் பிறர் என்ன கூறுகின்றனர் என்று தேடினர்.

இராமேசுவரத்தில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியருக்குத் தயக்கம் ஏற்படலாம். சேது வழிபாட்டுக்குரிய இடம். ஆராயப்படுவது நாசா இப்படிச் சொன்னதா என்பது மட்டுமே; வழிபாடு அன்று. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த பயிற்சிக்கு 1964 டிசம்பர் புயலை எடுத்துக்கொள்ளலாம். தனுஷ்கோடி அருகே கடல் கொண்ட பயணிகள் ரயிலில் இறந்தோர் எண்ணிக்கை பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது, பயணச்சீட்டு வாங்காதோர் அதில் சேர்க்கப்பட்டனரா என்று மாணவர் தேட வேண்டும். வீட்டுப் பெரியவர்களையும் கேட்கலாம். நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்பதையும் சேர்த்து எழுதிவரச் செய்ய வேண்டும்.