சாப்ட்வேர் வாங்கும் முன் நம் கணக்கைப் பார்ப்போம்

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு, சிட்டையும் பேரேடும் மட்டும் வைத்துக்கொண்டு வியாபாரம் நடத்துவது கடினமாகிவிட்டது. கடைக்குக் கடை கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சாப்ட்வேர் விற்க வருபவர்களில் ஒருவர் விலை குறைவு என்கிறார். மற்றொருவர் வசதி அதிகம் என்கிறார். எதை வாங்குவது என்று நாம் குழம்புகிறோம்.

கோடிகளில் புரளும் நிறுவனங்களுக்கும் இதே குழப்பம்தான். கொள்முதல், கிடங்கு, விற்பனை, கணக்கு அனைத்தையும் ஒரே சாப்ட்வேரில் இணைப்பதில் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி., அமெரிக்காவின் ஆரக்கிள் இரண்டும் கடும் போட்டியாளர்கள். வாங்கும் நிறுவனம் தன் தேவைகளைப் பட்டியலிட்டு இவர்களுக்கு அனுப்பும். செய்து காட்டச் சொல்லும். மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும். இவ்வளவு செய்தும் சறுக்கியவர்கள் உண்டு. அவர்களில் இருவர் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள்.

முதலாவது, அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம். 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் மூன்று கம்பெனிகளின் சாப்ட்வேர்களை வாங்கி, மூன்றையும் இணைத்தது. 48 மாதங்கள் தேவை என்று மதிப்பிடப்பட்ட வேலையை 30 மாதங்களில் முடிக்க முனைந்தது. அப்படியும் தாமதமாகி, 1999 ஜூலையில்தான் இயங்கத் தொடங்கியது. அது ஹாலோவீன் பண்டிகைக்காகக் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும் நேரம். அங்கே மிட்டாய் வியாபாரத்துக்கு ஹாலோவீன், நமக்குத் தீபாவளி போல. கிடங்கில் சரக்கு இருந்தது. கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களுக்கு உரிய நேரத்தில் சரக்கு போகவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் குறைந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: 2002-இல் அதே நிறுவனம், அதே எஸ்.ஏ.பி.யின் புதிய பதிப்புக்கு நிதானமாகச் சோதித்து மாறியது. சிக்கல் எழவில்லை. ஆக, முதல் தடவை சறுக்கியது சரக்கால் அல்ல, அவசரத்தால்.

இரண்டாவது, ஜெர்மனியின் லிடில். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட மளிகை நிறுவனம். 2011-இல் எஸ்.ஏ.பி. சாப்ட்வேரைக் கொண்டுவரும் பணியைத் தொடங்கியது. லிடில் தன் சரக்கு இருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிடும். எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக சாப்ட்வேரோ விற்பனை விலையில் கணக்கிடும்படி அமைந்தது. 100 ரூபாய்க்கு வாங்கி 112 ரூபாய்க்கு விற்கும் பொருளின் இருப்பை எந்த விலையில் எழுதுவது என்பதுதான் வேறுபாடு. சிறிய விஷயம் போலத் தெரியும். ஆனால் லிடில் தன் முறையை மாற்ற மறுத்தது; சாப்ட்வேரை வெட்டி ஒட்டி மாற்றச் சொன்னது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சிக்கலானது. 2018-இல் திட்டமே கைவிடப்பட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. லிடில் தன் பழைய முறைக்கே திரும்பியது.

இரண்டு கதைகளிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. முதலில் நம் கணக்கு முறையை ஒரு தாளில் எழுதுங்கள். மூட்டையில் வாங்கிக் கிலோவில் விற்பது, எடைக் குறைவு, திரும்பி வரும் சரக்கு, வாடிக்கையாளர் பாக்கி, பழைய சரக்கின் விலை ஆகிய எல்லாம் அதில் வரட்டும்.

2. எந்த முறையை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்ற முடியாது என்று முன்னதாகவே முடிவு செய்யுங்கள். சாப்ட்வேரை மாற்றித் தருவதாகச் சொன்னால் கட்டணம், கால வரையறை இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

3. அவர் கொண்டுவரும் மாதிரி பில்லைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் கடையின் சிக்கலான பத்து பில்களைக் கொடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

4. வாங்கும் விலையோடு ஆண்டுக் கட்டணம், பயிற்சி, பழுது பார்ப்பு ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். நாளை வேறு சாப்ட்வேருக்கு மாறினால் உங்கள் கணக்கு விவரங்களை முழுமையாக எடுத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

5. பண்டிகைக் காலத்தில் மாறாதீர்கள். வியாபாரம் மந்தமான மாதத்தில் தொடங்குங்கள். குறைந்தது ஒரு மாதம் பழைய கணக்கும் புதிய கணக்கும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகு பழையதை நிறுத்தலாம்.

6. தினமும் பில் போடப் போகிறவர் உங்கள் கணக்குப்பிள்ளைதான். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

நூறு வசதிகள் கொண்ட சாப்ட்வேராக இருந்தாலும், நம் கடையின் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அது நஷ்டச் சரக்கே. வாங்கும் பருப்பைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. சாப்ட்வேருக்கும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிப்போம்.