கைத்துப்பாக்கி விசையமைப்புகளின் வகைப்பாடு: சுத்தியலும் ஸ்ட்ரைக்கரும்

முன்னுரை

தானியங்கிக் கைத்துப்பாக்கிகளைச் சுத்தியல் வகை, ஸ்ட்ரைக்கர் வகை என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஒற்றைச் செயல், இரட்டைச் செயல் என்னும் பிரிப்பும் உண்டு. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். தோட்டாவின் பிரைமரை அடிக்கும் ஆற்றல் எவ்வுறுப்பின் வழியாக வருகிறது என்பது முதல் வினா. விரல் விசையை இழுக்கும்போது எத்தனை வேலைகள் நிகழ்கின்றன என்பது இரண்டாம் வினா. இவற்றை ஒன்றெனக் கொள்வதே வகைப்பாட்டுக் குழப்பங்களுக்கு முதன்மைக் காரணம் எனலாம்.

அடிக்கும் உறுப்பு

சுத்தியல் வகையில் ஓர் அச்சில் சுழலும் சுத்தியல், சுருள்வில்லின் ஆற்றலால் முன்பாய்ந்து அடிஊசியைத் தாக்குகிறது; அடிஊசி பிரைமரை அடிக்கிறது. ஸ்ட்ரைக்கர் வகையில் சுழலும் உறுப்பு இல்லை. சுருள்வில் பூட்டிய ஸ்ட்ரைக்கர் நேர்கோட்டில் பாய்ந்து, தானே பிரைமரை அடிக்கிறது.

வெளித்தோற்றத்தைக் கொண்டு இதனை முடிவு செய்தல் பிழையாகும். கோல்ட் நிறுவனத்தின் 1903ஆம் ஆண்டுச் சட்டைப்பைத் துப்பாக்கி, 'சுத்தியலற்றது' என்னும் பெயரில் விற்கப்பட்டது. ஆனால் அதன் ஸ்லைடுக்குள் சுத்தியல் மறைந்திருக்கிறது. ஸ்ட்ரைக்கர் முறையும் புதியதன்று. ஜெர்மானியத் தரைப்படை 1908இல் ஏற்ற லூகர் துப்பாக்கி இம்முறையிலேயே இயங்கியது.

விசையின் வேலை

சுருள்வில்லை இறுக்கி நிறுத்துவதை நாணேற்றல் எனலாம். முன்னரே நாணேறிய உறுப்பை விடுவிப்பது மட்டுமே விசையின் வேலையாயின், அது ஒற்றைச் செயல். அமெரிக்கப் படை 1911இல் ஏற்ற எம்1911 இதற்குச் சான்று. நாணேற்றி விடுவிப்பதும் விசையே எனில், அது இரட்டைச் செயல். 1929இல் வெளிவந்த வால்தர் பிபி, முதல் சுடுதலில் இரட்டைச் செயலாகவும், ஸ்லைடின் பின்னோட்டம் சுத்தியலை நாணேற்றிவிடுவதால் அடுத்தடுத்த சுடுதல்களில் ஒற்றைச் செயலாகவும் இயங்குகிறது.

இடைநிலை வகை

ஆஸ்திரியப் படை 1982இல் தேர்ந்தெடுத்த கிளாக் 17 இவ்விரு கூறுகளுள் அடங்குவதில்லை. ஸ்லைடின் ஓட்டம் ஸ்ட்ரைக்கரை ஓரளவே நாணேற்றுகிறது. எஞ்சியதை நிறைவு செய்து விடுவிப்பது விசை. எனவே சிலர் இதனை இரட்டைச் செயல் என்பர். சிலர் ஒற்றைச் செயலுக்கு நெருக்கமாக வைப்பர். தோட்டா வெடிக்காத நிலையில் இவ்வேறுபாடு தெளிவாகும். இரட்டைச் செயல் துப்பாக்கியில் விசையை மீண்டும் இழுத்து அதே பிரைமரை அடிக்கலாம். கிளாக்கில் ஸ்லைடை இயக்காமல் அது இயலாது. ஆகவே 'பகுதி நாணேற்றம்' எனத் தனி வகை வகுத்தலே பொருந்தும். இக்கருத்தும் பழையதே, ஆஸ்திரிய-அங்கேரியக் குதிரைப்படையின் ராத்-ஸ்டெயர் எம்1907இல் இது காணப்படுகிறது.

ஸ்ட்ரைக்கர் என்றாலே பகுதி நாணேற்றம் என்பதும் பிழை. சிக் சாவர் பி320இல் ஸ்ட்ரைக்கர் ஏறத்தாழ முழுமையாக நாணேறி நிற்கிறது. வால்தர் பி99இன் ஒரு வடிவமோ, ஸ்ட்ரைக்கர் கொண்டிருந்தும் இரட்டை, ஒற்றைச் செயல்களில் மாறி இயங்குகிறது.

முடிவுரை

இவ்வகைப்பாடு வெறும் பெயரிடல் அன்று. வெளியே தெரியும் சுத்தியல் நாணேறிய நிலையைக் கண்ணுக்குக் காட்டும். ஸ்ட்ரைக்கர் உள்ளே மறைந்திருப்பதால் பல துப்பாக்கிகளில் அந்நிலையைப் பார்த்தறிய இயலாது. கிளாக்கைப் பிரிக்கும்முன் விசையை இழுக்க வேண்டியுள்ளதால், குண்டறையில் தோட்டா இல்லை என உறுதிசெய்தல் உயிர்காக்கும் விதியாகிறது. பயிற்சிக் கையேடும் தடய அறிக்கையும் அடிக்கும் உறுப்பு, விசையின் வேலை, நாணேற்றத்தின் அளவு ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடின் பொருள் மயக்கம் நீங்கும்.