டினா டர்னரின் கரகரப்பு

தொண்டை கட்டிக்கொண்டால் நாம் பேசவே கூச்சப்படுகிறோம். சுக்குக் கஷாயம், மிளகு, உப்புத் தண்ணீர் என்று அந்தக் கரகரப்பை விரட்டப் பார்க்கிறோம். அதையே தன் சொத்தாக்கி ஐம்பது ஆண்டுகள் மேடையை ஆண்டவர் டினா டர்னர்.

1939-இல் பிறந்தவர், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பருத்தி விளையும் நட்புஷ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். இயற்பெயர் அன்னா மே புல்லக். 1960-இல் ஐக் டர்னரின் குழு ஒரு பாட்டைப் பதிவு செய்ய இருந்த நாளில், பாட வேண்டியவர் வரவில்லை. மாதிரிக்காக இவர் பாடிவைத்தார். அந்தக் குரலே இசைத்தட்டாக வெளிவந்து ஊரெங்கும் ஒலித்தது.

அந்தக் குரலுக்குள் என்ன நடக்கிறது?

குரல்வளைக்குள் இரண்டு மடிப்புகள் உண்டு. குரல்நாண்கள் என்கிறோம். பெண்களுக்கு அவற்றின் நீளம் ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் அளவுதான். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. அடுத்த கணம் அவை மீண்டும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இப்படி நொடிக்கு 440 முறை திறந்து மூடினால், இசைக்குழுக்கள் சுருதி கூட்டும் அந்த ஸ்வரம் பிறக்கும். திறப்பும் மூடலும் சீராக இருந்தால் சாரீரம் தெளிவாக இருக்கிறது என்போம்.

இந்த மடிப்புகளுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி இருக்கிறது. அதன் பெயர் பொய்க் குரல்நாண்கள். தடித்தவை, சாதாரணப் பேச்சில் ஒதுங்கி நிற்பவை. உணவு மூச்சுக்குழாயில் இறங்காமல் காப்பதும், பாரம் தூக்கும்போது மூச்சை அடைத்துப் பிடிப்பதும் அவற்றின் வேலை. உறுமிப் பாடுவோர் சிலரின் தொண்டைக்குள் அதிவேகக் கேமராவை இறக்கிப் பார்த்தபோது ஓர் அதிசயம் தெரிந்தது. இந்தக் காவலாளிகளும் அதிரத் தொடங்கியிருந்தன. பருமனானவை என்பதால் வேகம் குறைவு. கீழே இரண்டு அதிர்வு நடந்தால் மேலே பெரும்பாலும் ஒன்று. 440-க்கு அடியில் 220 வந்து சேர்கிறது. ஒரே தொண்டையில் இரண்டு குரல்! அந்த உரசலைத்தான் நம் காது கரகரப்பு என்று கேட்கிறது.

அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்ப்பதற்கும் காரணம் உண்டு. மனிதர் ஆபத்தில் அலறும்போது, அந்த ஒலியின் உரப்பு நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. அபாய மணிகளிலும் இதே நடுக்கம் உண்டு. பயத்தை உணரும் மூளைப் பகுதி இதற்கு உடனே விழித்துக்கொள்கிறது. ராக் பாடகியின் உறுமலும் அந்த நரம்பைத்தான் தொடுகிறது என்பது என் எண்ணம். ஆனால் ஓட வேண்டியதில்லை, ஆடலாம்.

இதற்கு விலை உண்டு. ஒரு கச்சேரியில் ஒரு மணி நேரம் குரல் ஒலித்தது, நொடிக்கு 300 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம்: குரல்நாண்கள் 10 லட்சம் முறைக்கு மேல் மோதியிருக்கும். அளவு தெரியாமல் கத்துபவருக்கு அங்கே காய்ப்பு விழுந்துவிடும். டினா அளவு தெரிந்தவர். 1971-இல் வெளிவந்த 'ப்ரவுட் மேரி'யைக் கேளுங்கள். பேச்சுப் போல மெதுவாகத் தொடங்குகிறது. கரகரப்பைக் கிள்ளிக் கிள்ளித்தான் தருகிறார். பாட்டு வேகமெடுத்த பிறகுதான் அள்ளி இறைக்கிறார்.

அந்த ஆண்டுகளில் வீட்டில் அவர் வாங்கியது அடி. 1976-இல் டல்லாஸ் நகர விடுதியிலிருந்து, பையில் 36 சென்ட்டோடு கணவர் ஐக்கை விட்டு ஓடினார். 1978-இல் விவாகரத்து வந்தபோது அவர் விடாமல் கேட்டது 'டினா டர்னர்' என்ற மேடைப் பெயரை. அதன் பிறகு சிறிய விடுதி மேடைகளில் பல ஆண்டுகள். பிறகு 1984-இல் 'பிரைவேட் டான்சர்' தொகுப்பு வந்தது. அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு 44 வயது. 1988-இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் அவரைக் கேட்க 1,80,000 பேர் கூடினார்கள்.

2009 மே மாதம், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தம் கடைசிச் சுற்றுப்பயணத்தை முடித்தார். அப்போது வயது 69. அன்றும் உயர்ந்த குதிகால் செருப்போடுதான் ஆடினார். அந்தக் காவலாளி மடிப்புகளும் கூடவே பாடின.