ஓட்ட வேகம் மட்டும் போதுமா?

பள்ளிக் காற்பந்துக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது முதலில் ஓட விடுவார்கள். வேகமாக ஓடுபவருக்கு விங் இடம் உறுதி. கையில் ஒரு கடிகாரம் இருந்தால் வேகத்தை அளந்துவிடலாம். மற்றத் திறன்களை அவ்வளவு சுலபமாக அளக்க முடியாது. ஆனால் அந்த ஒரு எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அமெரிக்கக் காற்பந்தில் இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழக வீரர்களைத் தொழில்முறைக் குழுக்கள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். அதற்கு முன் 40 கெஜ ஓட்டம், அதாவது சுமார் 36.6 மீட்டர், அளக்கப்படும். 2017-இல் ஜான் ரோஸ் 4.22 விநாடியில் ஓடி அன்றைய சாதனையை முறியடித்தார். சின்சினாட்டி குழு அவரை 9-வது இடத்திலேயே எடுத்துக்கொண்டது. காயங்களும் சேர்ந்துகொள்ள, முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அதே ஆண்டு 4.62 விநாடி எடுத்த கூப்பர் கப், 69-வதாகத்தான் தேர்வானார். 2021 பருவத்தில் 145 பந்துகளைப் பிடித்து முதலிடம் பெற்றவர் அவர். அப்பருவத்தின் இறுதியாட்டத்தில் சிறந்த ஆட்டக்காரரும் அவரே.

அப்படியென்றால் வேகம் வீணா? இல்லை. நம் எஸ். குணாளனைப் பாருங்கள். நெகிரி செம்பிலானில் வேகமான விங் ஆட்டக்காரராகப் பெயர் எடுத்தவர், 2010 சுசுகி கிண்ணத்தை வென்ற தேசியக் குழுவிலும் இருந்தார். பின்னர் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவில் வலது தற்காப்பு ஆட்டக்காரராக மாறி, 2015 ஏஎப்சி கிண்ண வெற்றியிலும் பங்கேற்றார். தற்காப்புக்கு எதிராளியைக் கணிக்கவும், சரியான இடத்தில் நிற்கவும் தெரிய வேண்டும். கால் வேகத்தோடு கற்கும் வேகமும் இருந்ததால்தான் இது சாத்தியமானது என்பது என் கருத்து.

அடுத்த முறை பண்டாராயா அரங்கில் பினாங்கு குழுவின் ஆட்டம் பார்க்கப் போனால், ஒரு விங் ஆட்டக்காரரை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். முதல் 10 மீட்டரில் எப்படிப் புறப்படுகிறார்? ஓடும் வேகத்தில் சட்டென நின்று திரும்ப முடிகிறதா? பந்து காலில் இருக்கும்போதும் வேகம் குறையாமல் இருக்கிறதா? எதிராளி வழியை அடைத்துவிட்டால் என்ன செய்கிறார்?

ஓட்டத்தில் பின்தங்கியதால் ஒதுக்கப்பட்ட மாணவர்கள் இந்த நான்கையும் பயிற்சியால் வளர்க்கலாம். முதலில் வந்தவர்களும் இவற்றைக் கற்றே ஆக வேண்டும். ஏனெனில் மாநில அளவுக்குப் போனால் அங்கே எல்லாரும் வேகமாகத்தான் ஓடுவார்கள்.