எல்லை மலைகளில் கண்ட விலங்குகள்

தொழில் நிமித்தமாக மூணாறு சென்று பத்து நாள் தங்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. தேயிலை ஆலைகளில் இயந்திரங்களைப் பார்வையிடுவது நமது அலுவல். அது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே விடியற்பொழுதுகள் யாவும் நம்முடையனவாயின. அப்பொழுதுகளிலும் இடையில் வந்த விடுமுறை நாட்களிலும் மலைச்சரிவுகளில் நடந்து கண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கு எழுதுகிறோம். தோட்டப் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அத்தோட்டங்களுக்கு மேலே நிற்கும் காட்டைப் பற்றி நாம் பேசிக்கொள்வதுதான் குறைவு.

முதற்கண் வரையாடு. சங்க நூல்கள் வருடை என்று குறிப்பது இதனையே என்பர் அறிஞர். இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. ஆயினும் இது மிகுதியாகக் கூடி வாழ்வது எல்லைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில்! 2025 ஏப்ரலில் இரு மாநிலங்களும் ஒரே வேளையில் கணக்கெடுத்தபோது கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303, ஆக 2,668 என மதிப்பிட்டனர். உலகிலுள்ள காட்டு வரையாடுகள் அவ்வளவே. நம் ஊர்ப்புறத்துச் சிற்றூர் ஒன்றின் மக்கள் தொகைதான்.

ராஜமலைச் சரிவில் நாம் ஏறிய காலையில் அரை மணி நேரம் வரை ஒன்றும் தென்படவில்லை. ஆட்டின் நிறமும் பாறையின் நிறமும் ஒன்றாகவே இருக்கின்றன. எங்கோ ஒரு சிறு கல் உருண்டு வரும் ஓசை கேட்டது, நிமிர்ந்து பார்த்தோம், பாறை என்று நாம் எண்ணியிருந்தது மெல்லத் தலையைத் திருப்பிற்று. ஒன்றைக் கண்ட கண்ணுக்கு அடுத்த நொடியில் ஒன்பது தெரிந்தன. முதிர்ந்த கிடாயின் உடல் கருத்திருக்கும். முதுகில் சேணம் வைத்தாற்போல் வெள்ளிப் படலம் ஒன்று விளங்கும். குளம்பின் விளிம்பு கடினமாகவும் நடுப்பகுதி இரப்பர் போல மென்மையாகவும் அமைந்திருத்தலால் செங்குத்துப் பாறையிலும் கால் வழுக்குவதில்லை. ஒரு குட்டி தாயைத் தொடர்ந்து தாவிய இடத்தைப் பார்த்து நமக்குத்தான் தலை சுற்றிற்று, அதற்கன்று.

மனிதரைக் கண்டு இவை ஏன் ஓடுவதில்லை? அதற்கு ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் இம்மலையைத் தங்கள் வேட்டைக் காடாக வைத்திருந்தனர். சுடுவதற்கு விலங்கு வேண்டுமே! எனவே பிறர் சுடாதபடி காவல் வைத்தனர். அக்காவலை ஏற்றவர் முதுவர் எனும் பழங்குடியினர். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலம் கேரள அரசிடம் வந்தது. 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேட்டை நின்று தலைமுறைகள் கழிந்தமையால் அச்சமும் தேய்ந்தது. இப்பொழுது வனத்துறை வண்டியில் சென்று, வகுத்த பாதையில் மட்டுமே நடக்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவை மூடிவிடுகின்றனர். ஊருக்குச் செல்வோர் தேதியை விசாரித்துக்கொண்டு புறப்படுவது நலம்.

ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி. அப்பெயரை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். 2020 ஆகஸ்டு 6 இரவில் மலை சரிந்து லயங்களை மூடிற்று; எழுபது உயிர்கள் மாண்டன. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும் ஆவர். அத்திசையை நோக்கிச் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

விடுமுறை நாளொன்றில் மறையூர் வழியாகச் சின்னாறு இறங்கினோம். மூணாற்றின் மழையும் குளிரும் சில மணி நேரத்துக்குள் மறைந்து, முட்காடும் வெயிலும் வந்துவிடுகின்றன; மலை மழையைத் தடுத்துவிடுவதன் விளைவு இது. இங்கு வனத்துறையார் அனுப்பும் வழிகாட்டியுடன்தான் நடக்க இயலும். ஆற்றங்கரை மரங்களில் நரை அணில் வாழ்கிறது. நம் வீட்டு அணிலைப் போலப் பன்மடங்கு பெரிது, வால் நரைத்திருக்கும். வழிகாட்டி கிளையைக் காட்டவில்லை, கூட்டைக் காட்டினார். கூட்டின் கீழ்ப் பேசாமல் கால் மணி நேரம் நின்றோம். நீண்ட வால் ஒன்று இலைகளினூடே வழிந்து இறங்கிற்று.

பணி முடிந்து திரும்புகையில் பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்தையும் பார்த்தோம். நிலம் கேரளத்தது, ஆனால் வண்டிகள் செல்லும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டின் வழியாகவே செல்கிறது! அங்கே காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. கரிய உடல், முழங்காலுக்குக் கீழே வெண்மை. கடைசி எருமை கடக்கும்வரை நம் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

யானையைப் பற்றிச் சொல்லும்போது மகிழ்ச்சி குறைகிறது. மூணாற்றுத் தோட்டங்களில் உலவும் முதிய கொம்பனுக்கு 1999இல் வந்த திரைப்படத்தின் பெயரால் 'படையப்பா' என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். உல்லாசப் பிரயாணிகள் அதைப் படம் பிடிக்க வண்டியில் துரத்துகின்றனர். அருவருப்பான செயல். அரிசி தேடிக் கடைகளை உடைத்த சின்னக்கானல் 'அரிக்கொம்பன்' கதையை அன்பர்கள் அறிவீர்கள். 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டனர். மே மாதத்தில் எல்லை கடந்து கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூனில் தமிழக வனத்துறையார் பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டனர். நெல்லைச் சீமையிலிருந்து நம் மக்கள் மூணாறு ஏறினார்கள். அம்மலையின் யானை நெல்லைச் சீமைக்கு வந்து சேர்ந்தது.

ஒரு காலை தேயிலைச் சரிவில் நாம் நடந்தபோது, கொழுந்தெடுக்கப் புறப்பட்ட பெண்கள் பாதையோரம் குந்தியிருந்தனர். மூடுபனி விலகவில்லை. அவர்களுள் முதியவர் நம்மை நிறுத்தி, "ஆனை கீழ நிக்குது சார், இப்ப அந்தப் பக்கம் போகாதீங்க," என்றார். நாமும் அமர்ந்தோம். முந்திய வாரம் எந்த லயத்து வாழையை அது முறித்தது, எந்தக் கதவை முட்டிற்று என்று நிதானமாகச் சொன்னார். நமக்கு அலுவல் ஒன்பது மணிக்கு. அவர்களுக்கோ நேரம் கழியக் கழிய எடைக் கூடையில் கொழுந்து குறையும், அதனால் கூலியும் குறையும். பனி சற்று விலகியது. கீழே ஒன்றுமில்லை. கூடைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் இறங்கினர். நாம் ஆலைக்கு நடந்தோம்.