படிவத்துல வராத பதில்

நர்ஸா இருக்கிற என் அக்கா, எம்.எஸ்சி. ஆய்வுக்கு எத்னோகிராஃபி எடுக்கப் போறாங்க. "அதெல்லாம் டேட்டாவா அக்கா?"ன்னு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

எத்னோகிராஃபின்னா, மாசக்கணக்கா மக்களோட இருந்து, பார்த்து, பேசி, குறிப்பெடுக்கிறது. மானுடவியலோட இந்த வழியை நர்சிங்குக்குக் கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவர் மேடலின் லைனிங்கர். அமெரிக்க நர்ஸ், மானுடவியல்ல முனைவர் பட்டம் வாங்கினவர்.

அக்கா சொன்ன உதாரணம் நம்ம படூருக்குப் பக்கத்துல, ஈசிஆர் கானத்தூர் ரெட்டிகுப்பம். 1995-ல சிசிலியா வான் ஹோலன்ங்கிற மானுடவியலாளர் அங்கேயும் சென்னையிலயும் பிரசவம் பத்தி ஆய்வு செஞ்சார். 2003-ல புத்தகமா வந்துச்சு.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போக சில பெண்கள் தயங்கினாங்க. படிவத்துல இது "விழிப்புணர்வு இல்லை"ன்னு முடிஞ்சிருக்கும். உட்கார்ந்து பேசினப்போ வந்த காரணம் வேற: பிரசவ வார்டுல விழுற திட்டு, கேட்காமலே காப்பர்-டி வெச்சுடுவாங்கங்கிற பயம். இன்னொரு பக்கம், வலியைக் கூட்டுற ஊசியைப் பெண்களே கேட்டதும் உண்டு; வலி கூடினா சக்தி கூடும்ங்கிற நம்பிக்கை.

காரணத்தைத் தப்பா புரிஞ்சுக்கிட்டா தீர்வும் தப்பாகும். போஸ்டர் ஒட்டினா திட்டு நிக்காது. "யூசர் எரர்"னு எழுதி டிக்கெட்டை மூடுற நமக்கும் இது பொருந்தும்.

ஒரு சிக்கல் இருக்கு. யூனிஃபார்ம் முன்னாடி யார் மனசு திறந்து பேசுவாங்க? அதனால அக்கா சாதாரணப் புடவையில, பிரசவமானவங்க வீட்டுக்கே போறாங்க. பயம் இல்லையான்னு கேட்டேன்.

"இருக்குடா. திட்டினவங்கள்ல நானும் ஒருத்தியா இருந்தா, அதையும் எழுதணுமே."