புராஸ்டேட் அறுவைக்குப் பின் விரையில் வீக்கம்

முதுமையில் ஆடவர்க்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குவதுண்டு. அதற்கென அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், பின்னர் விரையில் தோன்றும் மாறுதலை வெட்கத்தால் மறைத்துவிடலாகாது.

இவ்வறுவையில் விரையைக் கத்தி தொடுவதில்லை. எனினும், விரையிலிருந்து புறப்படும் விந்துக் குழாய் புராஸ்டேட்டின் ஊடே சென்று சிறுநீர்ப் பாதையில் சேர்கிறது. அவ்வழியே கிருமிகள் பின்னோக்கிச் சென்று விரைப்பக்கத்தை அடைந்தால் வீக்கம், வலி, காய்ச்சல் ஆகியவை உண்டாகும். தாமதித்தால் சீழ் பிடிக்கக்கூடும். உரிய மருந்தை உடனே தொடங்கினால் பெரும்பாலும் குணமாகும்.

புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதும் அகற்றியோர்க்கு விரைப்பை கன்றி வீங்கிச் சில வாரங்களில் வடிவதுண்டு. புராஸ்டேட் புற்று ஆண் ஹார்மோனைச் சார்ந்து வளர்வதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் மெய்ப்பித்தார். அந்த ஹார்மோனை அடக்கும் மருந்து கொள்வோர்க்கு விரை சிறுத்துப் போகலாம். இவை எதிர்பார்க்கத்தக்கவையே, ஆயினும் டாக்டரிடம் சொல்லி வைத்தல் நலம்.

வலி மிகுந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வலியற்ற கெட்டிக் கட்டி தட்டுப்பட்டாலும் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும். டாக்டர் அனுமதிக்கும்வரை தறிவேலையும் மூட்டை தூக்குதலும் வேண்டா.

அறுந்த இழையை அப்பொழுதே பிணைப்பவர் நாம். உடலின் குறையையும் அவ்வாறே கவனிப்போமாக.